ஸ்கேனில் சிக்காத பிட்யூட்டரி கட்டி: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கட்டியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார்டிசால் என்ற ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரந்து முகமும் உடம்பும் ஊதுவது குஷிங் நோய். அதைத் தரும் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சின்னச் சுரப்பி) கட்டி பல பேருக்குக் கடுகுக்கும் உளுந்துக்கும் நடுவான அளவில்தான் இருக்கும். காந்த சக்தி கூடிய 3 டெஸ்லா மெஷினில், மருந்து ஏற ஏற எடுக்கும் டைனமிக் படம் கேளுங்கள்.

ஆனால் ஸ்கேனுக்கு முன்பே ரத்தம் பேச வேண்டும். நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு பிட்யூட்டரியில் ஏதாவது புள்ளி தெரியும். அதை நம்பிக் கத்தி வைத்தால் வீண். இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மாத்திரை), காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கோபியிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கோவை ஓட வேண்டாம், உள்ளூர் லேபிலேயே கொடுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு நள்ளிரவில் எச்சிலில் கார்டிசால் பார்க்கும் பரிசோதனை ஏமாற்றும். ஷிஃப்டை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூட்டுவலிக்குத் தின்ற பேரில்லாத மாத்திரை, பொடி, தோல் களிம்பு எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் அதுவே முகத்தை ஊத வைக்கும்.

ஏ.சி.டி.எச். (கார்டிசாலைச் சுரக்கச் சொல்லும் பிட்யூட்டரி ஹார்மோன்) குறையாமல் இருந்து, படத்திலும் தெளிவில்லை என்றால் பெட்ரோசல் சைனஸ் (பிட்யூட்டரியின் ரத்தம் வடியும் நாளம்) பரிசோதனை. தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, மூளைக்கு அடியில் இரு பக்கமும், கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள். அங்கே ஏ.சி.டி.எச். கையை விட 2 மடங்கு, அதைத் தூண்டும் ஊசி மருந்து போட்டபின் 3 மடங்கு இருந்தால் ஊற்று பிட்யூட்டரிதான். ரத்தம் உடனே ஐஸில் போக வேண்டும். வெயிலில் காத்திருந்தால் ஏ.சி.டி.எச். சிதைந்துவிடும். கார்டிசாலைக் குறைக்கும் கீட்டோகொனசோல் மாத்திரை போட்டுக் கார்டிசால் அடங்கியிருக்கும் நேரத்தில் செய்தாலும் முடிவு தவறும். கட்டி இருப்பது வலமா இடமா என்பதில் மட்டும் இதை முழுசாக நம்ப முடியாது.

ஆபரேஷன் மூக்கு வழியாக. நல்ல சுரப்பி ஆரஞ்சு சாயலில் கெட்டியாக இருக்கும். கட்டி சாம்பல் வெள்ளையாகத் தயிர்போலக் குழையும். மேலே தெரியாவிட்டால் சுரப்பியை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் கீறித் தேடுவார்கள். கட்டியைச் சுற்றிய மெல்லிய உறை கிழியாமல் உரிந்து வந்தால் மிச்சம் தங்குவது குறைவு. எதுவுமே கிடைக்காவிட்டால் பாதிச் சுரப்பியை எடுப்பதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், குழந்தை வேண்டும் என்பவர்கள் கட்டாயம். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்யும் கையைத் தேடிப் போவது எந்த மெஷினை விடவும் முக்கியம்.

ஆபரேஷன் முடிந்து 3 நாளுக்குள் கார்டிசால் 2 மைக்ரோகிராமுக்குக் கீழே விழுந்தால் நல்ல சேதி. அப்போது உடம்பு அடித்துப்போட்டதுபோல வலிக்கும். கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை பல மாதம் ஓடும். நோம்பி விரதம் என்று ஒரு வேளைகூட விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு அளவு, வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மி.கி. ஊசி. ஏழாம் நாள் வாக்கில் ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) குறைகிறதா என்று பாருங்கள். அப்போது வரும் தலைவலியையும் குமட்டலையும் பித்தம் என்று எலுமிச்சை பிழிந்து குடித்துக் கிடந்தால் வலிப்பு வரை போகும். குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டினால் சளி என்று சிந்தாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.