ஒரு நாளைக்கு ஒரு சீட்டு: டாரட்டும் நோட்டும்

டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக் கட்டு. வருங்காலம் பார்க்க அல்லாமல் தன்னைக் கவனிக்க டாரட் எடுப்பவர்களுக்கு ரைடர்-வெயிட்-ஸ்மித் கட்டுதான் தோது. 1909-இல் லண்டனில் வெளியானது. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. மொத்தம் 78 சீட்டுகள்: பெரிய அர்க்கானா (தனிப் பெயருள்ள சீட்டுகள்) 22, சிறிய அர்க்கானா (கோப்பை போன்ற நான்கு இனச் சீட்டுகள்) 56. சிறிய சீட்டுகளிலும் பெரும்பாலும் யாராவது எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். மார்செய் என்னும் பழைய பிரெஞ்சுக் கட்டில் ஐந்து கோப்பை என்றால் வெறும் ஐந்து கோப்பைதான். பார்த்து எழுதப் பெரிதாக ஒன்றும் சிக்காது.

காலையில் 10 நிமிடம், இரவில் 2 நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வியை முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கட்டைத் தொட வேண்டும். சீட்டைப் பார்த்தபின் எழுதினால், கேள்வி சீட்டுக்கு ஏற்ப வளைந்துவிடும். “வேலை கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள். “விண்ணப்பத்தை இன்றும் தள்ளிப்போட என்ன சாக்குச் சொல்லப்போகிறேன்?” என்று கேளுங்கள், எந்தச் சீட்டு வந்தாலும் எழுத ஏதாவது பிடிபடும்.

இவை விளையாட்டுச் சீட்டைவிடப் பெரியவை. வளைத்துக் கலைத்தால் நடுவில் மடிப்பு விழும். கையில் பிடித்து, சிறு சிறு கற்றையாகப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றிப் போட்டாலே போதும். தலைகீழாக வருவதை முதல் சில மாதங்களுக்கு நேராக்கிவிடுங்கள். தலைகீழ்ச் சீட்டுக்கு அர்த்தம் பார்ப்பது தனிப் பாடம்.

ஒரே ஒரு சீட்டை எடுங்கள். எடுத்ததும் சீட்டுகளின் அர்த்தம் சொல்லும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். திறந்தால் எழுதுவது நீங்களாக இருக்காது. 3 நிமிடம் படத்தை மட்டும் பார்த்து, கண்ணில் படுவதை எழுதுங்கள். ஐந்து கோப்பையில் கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர், கொட்டிக் கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்து நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கவிழாமல் இருக்கின்றன. உங்களுக்கு அந்த இரண்டு எவை?

அந்தப் பதிலிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுங்கள். “இனி ஒழுங்காக இருப்பேன்” என்பதை இரவில் சரிபார்க்க முடியாது. “7 மணி முதல் 7.30 வரை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, 2 பக்கம்” என்பதை முடியும். இரவில் செய்தேன் அல்லது செய்யவில்லை, காரணம் ஒரு வரி.

பெரும்பாலோர் சறுக்குவது இரண்டாவது சீட்டில்தான். பிடிக்காதது வந்ததும் ‘விளக்கத்துக்கு’ என்று இன்னொன்றை எடுப்பார்கள். பிடிக்காத சீட்டில்தான் எழுத விஷயம் இருக்கிறது. 13-ஆம் சீட்டான மரணத்தைக் கண்டு பதற வேண்டாம். எதை நிறுத்த வேண்டும் என்று கேட்க அதைவிட நல்ல படம் இல்லை.

சீட்டைத் தினமும் கட்டிலேயே சேர்த்துக் கலையுங்கள். வந்த சீட்டே மறுபடி வந்தால் அதில் சகுனம் தேடாதீர்கள். 7 நாளில் ஏதாவதொரு சீட்டு திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்று. 30 நாளில் அநேகமாக நிச்சயம். வெறும் கணக்கு. மருந்து, கடன், வழக்கு ஆகியவற்றுக்குச் சீட்டு வேண்டாம். எடுக்காமல் வெளியே போகவே மனம் வரவில்லை என்றால் கட்டை ஒரு வாரம் பெட்டியில் போட்டு வையுங்கள்.

ஞாயிறன்று ஏழு நாளின் இரவு வரிகளை மட்டும் படியுங்கள். ‘செய்யவில்லை’க்கு ஒரே காரணம் மூன்று தடவை வந்திருந்தால், திங்களன்று சீட்டு எடுக்கும் முன்பே அந்த வேலையின் நேரத்தை மாற்றிவிடுங்கள்.