பிள்ளைகளுக்கு ஆய்வு பழக்கும்போது நாங்கள் விடும் பிழைகள்

தரம் 10 பிள்ளை ஒருத்தி தந்த ஒப்படை இன்னும் என் மேசையில் இருக்கிறது. தலைப்பு, "திருகோணமலைத் துறைமுகம்". மூன்றாம் பக்கத்தில் அழகான பாய்மரக் கப்பலின் படம். கீழே, "1817இல் திருகோணமலையில் கட்டப்பட்டது" என்று எழுதியிருந்தாள். உண்மையில் திருகோணமலை என்பது அந்தக் கப்பலின் பெயர். கட்டியது பம்பாயில்; இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஊர்ப் பெயரைக் கூகுளில் தட்டினாள், கப்பல் வந்தது, எடுத்துக்கொண்டாள். சோம்பேறிப் பிள்ளை இல்லை, இரவு கண்விழித்துத் தேடியவள். பிழை, வெறும் தலைப்பைக் கொடுத்து அனுப்பிய என்னுடையது.

தலைப்பைக் கொடுத்தால் அதற்குள் அடங்கும் எதையும் பிள்ளை அள்ளிக்கொண்டு வரும். எது வேண்டாம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதனால் அடுத்த தவணை "கன்னியா வெந்நீரூற்று" என்று கொடுக்காமல், "ஏழு கிணற்றிலும் ஒரே சூடா?" என்று கேட்டேன். அவ்வளவுதான். மூன்று பேர் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வெப்பமானி இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டார்கள். கிணற்றுக்கு மூன்று தரம் அளந்தார்கள். வெப்பமானியை வெளியே எடுத்ததும் மட்டம் இறங்கிவிடுவதைக் கண்டு, வாளியில் தண்ணீரை அள்ளி அதற்குள் வைத்தபடியே வாசித்தார்கள். அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கிணறுகளை இராவணன் உண்டாக்கினான் என்ற கதையையும் எழுதினார்கள்; ஆனால் தனிப் பக்கத்தில், "சொல்லப்படும் கதை" என்று மேலே போட்டு.

இரண்டாவது பிழை, எண்ணிக்கையை ஆதாரமாக நம்பவிடுவது. "டீச்சர், பத்து இடத்தில பார்த்தன், எல்லாத்திலயும் இதுதான் கிடக்கு" என்பார்கள். அந்தப் பத்தில் மூன்றை அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே வசனம், அதே எழுத்துப்பிழை. ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த ஆண்டை எடுங்கள். சில இடங்களில் 1622, சில இடங்களில் 1624. முன்பெல்லாம் நான் "1622 என்று எழுது, பரீட்சைக்கு அது போதும்" என்று சொல்லிவிடுவேன். எவ்வளவு நல்ல பாடத்தைக் கெடுத்திருக்கிறேன்! இப்போது இரண்டையும் எழுதச் சொல்கிறேன். எந்த ஆண்டை யார் சொல்கிறார், அவர் எப்போது எழுதியவர், எதைப் பார்த்து எழுதினார், கோயில் இடித்ததைச் சொல்கிறாரா அல்லது கோட்டை கட்டியதைச் சொல்கிறாரா என்று கேட்கிறேன். பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

வாசற்படியில் இருக்கும் மூலத்தை விட்டுவிட்டுத் திரையையே பார்க்கவைப்பதும் பெரிய பிழை. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கிறோம். அந்த வாசற்கல்லில் கயல் உருவமும், தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் முழுச் செய்யுளாகப் புத்தகங்களில் அச்சாகியிருப்பது அதுதான். ஆனால் கல்லில் இருப்பவை துண்டு துண்டான எழுத்துகள். மிச்சம் பின்னால் வந்தவர்கள் நிரப்பியது. அச்சுச் செய்யுளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், கல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு மட்டும் பேனையால் வட்டம் போடச் சொன்னேன். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்று கண்டுபிடித்தவன் வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன். திரும்பி வரும்போது கொப்பியில் வட்டம் போடாத இடமே அதிகம். சான்று எது, ஊகம் எது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுவதும் பொதுவான பிழை. திருகோணமலை, திருக்கோணமலை, கோணமலை, திருமலை என்று நான்கையும் தேட வேண்டும். ஆங்கிலப் பழம் பதிவுகளிலும் எழுத்துக்கூட்டல் மாறிமாறி வரும். அப்புறம், 2005இல் தொடங்கிய "நூலகம்" மின்நூலகத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் கோயில் மலர்களும் அங்கே இருக்கின்றன. பெரும்பாலும் பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றியவை என்பதால், உள்ளே உள்ள ஒரு சொல்லைக் கூகுளில் போட்டால் வராது. நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு என்று உள்ளே போய்த்தான் தேட வேண்டும். சனத்தொகை, மழைவீழ்ச்சி போன்ற எண்களுக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாவட்டக் கைந்நூல் இருக்கிறது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கேட்கலாம்.

வயதானவர்களிடம் கேட்கப் போகும் பிள்ளைகளுக்கு எப்படிக் கேட்பது என்று நாங்கள் பழக்குவதில்லை. ஒரு பிள்ளையின் அம்மம்மா "புயலுக்குக் கூரை பறந்தது" என்றிருக்கிறார். பேத்தி 1978 என்று எழுதிவிட்டாள். 1978 நவம்பர் மட்டக்களப்பை நொறுக்கிய புயல். அம்மம்மா சொன்னதோ, 1964 டிசம்பரில் இங்கே அடித்து, தனுஷ்கோடியையும் அழித்த புயல். ஆண்டை நேராகக் கேட்டால் யாருக்குமே தடுமாறும். "அப்ப உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுதா? மாமா பிறந்திட்டாரா?" என்று கேட்டால் ஆண்டு தானாக வரும். பிறகு அந்த நாட்களின் பழைய பத்திரிகையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்; வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்துவிடும்.

சாட்ஜிபிடி போன்றவை இல்லாத நூலையும் இருப்பதுபோலப் பெயரும் ஆண்டும் போட்டுத் தரும். தடை செய்வதால் பயனில்லை. "அது சொன்ன நூலைக் கையில் எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள், சரி.

கடைசியாகப் புள்ளி. வண்ண அட்டைக்கும் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் நாங்கள் புள்ளி போடும்வரை பெற்றோரின் காசு போட்டோக்கொப்பிக் கடைக்குத்தான் போகும். இந்தத் தவணை அட்டைக்கு நான் ஒன்றும் போடவில்லை. "எங்கெல்லாம் தேடினேன், எங்கே கிடைக்கவில்லை" என்று எழுதும் ஒரு பக்கத்துக்கு 20 புள்ளி ஒதுக்கியிருக்கிறேன். கப்பல் படம் ஒட்டியவள் அந்தப் பக்கத்தை இரண்டரைப் பக்கமாக எழுதித் தந்தாள்.