வெளியூரில் திறக்காத ஐபிஎஃப்எஸ் பக்கம்: என் அனுபவம்

பீக்கர் உலாவியின் மேம்பாடு 2022இல் ஓய்ந்தபின் அக்ரிகோர் உலாவிக்கு மாறினேன். மையச் சேவையகம் இன்றிக் கணினிகளே ஒன்றோடொன்று பக்கங்களைப் பகிரும் ஐபிஎஃப்எஸ், ஹைப்பர் வலைப்பின்னல்களின் முகவரிகளை அது நேரடியாகத் திறக்கும். என் கணினியில் கூபோ என்ற ஐபிஎஃப்எஸ் மென்பொருள் வழியாக வெளியிட்ட பக்கம் எனக்கு உடனே வந்தது; வெளியூர் நண்பருக்கோ வரவேயில்லை.

உலாவியைத் திட்டத் தோன்றும். குற்றவாளி ரவுட்டர். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கூபோ 4001 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட வாயிலில், எதிர்பார்க்கிறது. ரவுட்டர் அவற்றை உள்ளே விடவில்லை. அதன் அமைப்புகளில் அந்தப் போர்ட்டை என் கணினிக்குத் திருப்பிவிட்டேன். டிசிபி, யுடிபி என்ற இரு தரவுப் போக்குவரத்து முறைகளுக்கும் திருப்பிவிடுவது நல்லது. கூபோ பயன்படுத்தும் குவிக் என்ற இணைப்பு முறை யுடிபியில்தான் ஓடுகிறது. நண்பருக்குப் பக்கம் திறந்தது.

ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் இந்த வழி பலிக்காது. இணைய நிறுவனமே பலரை ஒரே பொதுமுகவரியில் அடைத்திருக்கிறது என்று பொருள். அப்போது பக்கத்தின் நகலை வெளியே வேறொரு கணினியில் வைத்திருப்பது உதவும்.

கூபோவுக்குக் கட்டளையிடும் 5001 போர்ட்டை ஒருபோதும் வெளியே திறந்துவிடாதீர்கள். அதன் வழியே யார் வேண்டுமானாலும் உங்கள் கூபோவை இயக்கலாம்.