மூவர்ஸ் அட்வான்ஸைத் திரும்ப வாங்க

பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வீடு மாற்ற ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிடம் 3,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். சொன்ன நாளில் வண்டி வரவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டால், "நாளைக்குப் போட்டுடறோம் சார்" என்றே இரண்டு வாரம் ஓடியது.

போனில் கெஞ்சுவதை முதலில் நிறுத்துங்கள். பணம் அனுப்பிய தேதி, தொகை, யுபிஐ பரிவர்த்தனை எண், வண்டி வராத விவரம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுதி 7 நாள் கெடு கொடுங்கள். "தருகிறோம்" என்று அவர்கள் ஒரு வரி பதில் போட்டாலே அது நல்ல ஆதாரம். உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மெசேஜை அழித்துவிடுகிறார்கள்.

கெடு தாண்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே பதிவான புகார் எண்ணை மூவர்ஸுக்கு அனுப்பிய பிறகுதான் எனக்குப் பணம் வந்தது.

அதற்கும் மசியவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். சேலத்துக்கோ கோவைக்கோ மாறிப் போனவர்கள் இதற்காக பெங்களூருக்கு அலைய வேண்டாம்.

கம்பெனியே போலி, போன் சுவிட்ச் ஆஃப் என்றால் மட்டும் கெடுவெல்லாம் வேண்டாம், அன்றைக்கே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.