பழைய காரில் கிளட்ச் வழுக்கினால்: கியர்பாக்ஸில் கை வைக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பழைய புரோட்டோன் சாகா கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆள் நிறைந்த வண்டி செம்பனைக் காட்டு மேட்டில் ஏறும்போது என்ஜின் இரைந்தும் வேகம் கூடவில்லையா? கருகிய வாடையும் வருகிறதா? கிளட்ச் வழுக்குகிறது, அதாவது என்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் தட்டு சரியாகப் பிடிக்கவில்லை. உடனே புதுத் தட்டு வாங்க ஓடாதீர்கள்.

சமதளச் சாலையில், நான்காவது கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முடுக்கியை நன்றாக அழுத்துங்கள். வேகம் கூடாமல் என்ஜின் சுழற்சி மட்டும் எகிறினால் சந்தேகம் உறுதி. ஒருமுறை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் தட்டுதான் கருகும்.

அடுத்தது மிக முக்கியம். கிளட்ச் மிதியைக் கையால் அழுத்துங்கள். மிதியைக் கிளட்சோடு கேபிள் இணைக்கும் வண்டிகளில் ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை அது தடையின்றி இறங்கிய பிறகே கனக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். தட்டு தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அது அறவே இல்லாமற்போனால், நீங்கள் மிதிக்காதபோதும் ரிலீஸ் பேரிங் (மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்) பிரஷர் பிளேட்டை (தட்டை ஃப்ளைவீல் என்ற என்ஜின் சக்கரத்தோடு இறுக்கிப் பிடிக்கும் பாகம்) அழுத்திக்கொண்டே இருக்கும், பிடி தளரும். கேபிளின் நட்டைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையென்றால், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் எண்ணெய். நெடியின்றிக் கறுத்திருந்தால் பெரும்பாலும் என்ஜின் எண்ணெய். எண்ணெய் கசியும் சீல் வளையத்தை மாற்றாமல் புதுத் தட்டு போட்டால் அதுவும் நனைந்து வழுக்கும்.

தட்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அது தனியாள் வேலையல்ல. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி, அடியில் தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். ஃப்ளைவீலில் நீலத் தழும்போ வெடிப்போ தெரிந்தால் கடைசல் பட்டறையில் காட்டுங்கள். தட்டை நடுப்படுத்தும் கருவியால் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். நடு தவறினால் கியர்பாக்ஸ் திரும்ப உள்ளே நுழையாது.

எல்லாம் பூட்டியதும் கியர் எண்ணெய் ஊற்றி, மிதியின் இடைவெளியை மறுபடி சரிபாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.