முதல் குளிர்காலமா? டிரைவ்வேயில் பனியையும் ஐஸையும் கையாளும் முறை

நவம்பர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விதான். பனி அள்ள எந்த ஷவல் (மண்வெட்டி) வாங்குவது? எத்தனை மூட்டை உப்பு வாங்குவது? ரெண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது வெப்பநிலையை. எத்தனை சென்டிமீட்டர் பனி கொட்டப்போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். கொட்டி முடித்த பிறகு பகலில் 0 டிகிரிக்கு மேலே ஏறி, ராத்திரி மறுபடி கீழே இறங்குமா என்பதை யாரும் பார்ப்பதில்லை. சறுக்கி விழுந்து கை கால் முறிவதெல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான். நல்ல மைனஸ் 20-ல் பனி காலடியில் நறநறவென்று சத்தம் போடும், ஆனால் பிடிமானம் இருக்கும். 0-ஐ ஒட்டிய ஐஸில் மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் கால் நிற்காது.

நான் இருப்பது கனடாவில், டொரன்டோ புறநகரில். கீழே எழுதியிருப்பது இந்த ஊர்க் கணக்கு. மற்ற ஊர்க்காரர்கள் சொன்னதைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன். ஜாக்கெட், பூட்ஸ், கையுறை பற்றி எழுதப்போவதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது.

படி 1: யாரும் மிதிக்கும் முன் அள்ளுங்கள்

விழுந்த பனி லேசானது. அதன் மேல் கார் ஏறினால் டயர் பட்ட தடம் இறுகி, தரையோடு ஒட்டி, ஐஸாகிவிடும். அப்புறம் அந்த இரண்டு பட்டைகளும் வாரக்கணக்கில் கிடக்கும். ஆகவே காரை எடுப்பதற்கு முன்பே அள்ளிவிடுவது நல்லது.

பெரிய பனிப்பொழிவு என்றால் நின்ற பிறகு மொத்தமாக அள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் பனி என்பது சுமாராக ஒரு மில்லிமீட்டர் மழை, அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. 5 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள டிரைவ்வேயில் (வீட்டு வாசலிலிருந்து தெரு வரை கார் போகும் தளம்) 15 செ.மீ. விழுந்தால் 750 கிலோ. ஈரப்பனி என்றால் இரட்டிப்புக்கும் போகும். ஐந்து ஐந்து சென்டிமீட்டராக மூன்று தடவை தள்ளினாலும் மொத்த எடை அதேதான், ஆனால் முதுகு பிழைக்கும்.

இன்னொன்று, விளையாட்டில்லை: பிரஷர், சுகர் இருப்பவர்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் இதைச் சாதாரண வேலையாக நினைக்க வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது இதயத்துக்கு நேரடிச் சுமை. நெஞ்சு இறுக்கமாக இருந்தால் ஷவலைப் போட்டுவிட்டு அவசர உதவி எண்ணான 911-ஐக் கூப்பிடுங்கள். பனி எங்கேயும் போய்விடாது.

படி 2: கருவிகள்

ஒரே ஷவலில் எல்லா வேலையும் ஆகாது. அகலமான, வளைந்த தள்ளும் ஷவல் ஒன்று. இதால் தள்ள மட்டும்தான் வேண்டும், தூக்கக் கூடாது. சின்னதாக, ஆழமான ஷவல் இன்னொன்று, மேட்டை வெட்டித் தூக்க. மூன்றாவது, நேரான இரும்புத் தகடு வைத்த ஐஸ் சுரண்டி. மலிவான மெல்லிய பிளாஸ்டிக் ஷவல் கடுங்குளிரில் ஓரம் உடைந்துவிடும். வாங்குவதென்றால் முனையில் உலோகப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். கைப்பிடி வளைந்த ஷவலைச் சிலர் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, பனியை வீசும்போது மணிக்கட்டு திரும்புகிறது.

ஈரப்பனி ஷவலில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும். சமையலறையில் இருக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை ஷவலில் ஒரு தடவை அடித்துவிட்டு வாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

பனியை வாரித் தூர வீசும் இயந்திரமான ஸ்னோ புளோவர்? இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே வரை தேவையில்லை என்பது என் கட்சி. வாங்கினால் ஒரே ஒரு விதி: வாயில் பனி அடைத்துக்கொண்டால் கையை விடாதீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே இறுகி நிற்கும் தகடு, அடைப்பு விலகியதும் சட்டென்று சுழலலாம். அதற்கென்று தரும் குச்சியால் மட்டும் குத்தி எடுங்கள்.

படி 3: முதலில் கார், பிறகு தரை

காரின் மேலே இருப்பதைத் தள்ளினால் தரையில்தான் விழும். எனவே கார் முதலில். கூரை மேல் இருக்கும் பனியையும் தள்ளுங்கள். பிரேக் போட்டால் மொத்தமும் கண்ணாடி மேல் சரிந்து வழியை மறைக்கும். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும். எஞ்சினை ஓட விடுவதற்கு முன்னால் பின்புறம் குனிந்து புகைக்குழாய் பனியில் மூடியிருக்கிறதா பாருங்கள். மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு காருக்குள்ளேயே வரும். மூடிய காராஜுக்குள் காரை ஓட விடுவதும் இதே ஆபத்துதான்.

படி 4: பிளவ் வண்டி விட்டுச்செல்லும் மேடு

என்னை ரொம்ப நாள் திணறவைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் சுத்தமாக அள்ளிவிட்டு உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தால், டிரைவ்வே வாசலில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிற மேடு ஒன்று குறுக்கே கிடக்கும். தெருவைச் சுத்தம் செய்யும் பிளவ் வண்டி, முன்னால் மாட்டிய தகட்டால் சாலைப் பனியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகும்போது நம் வாசலில் விட்டுப்போனது. இது வானத்திலிருந்து விழுந்த பஞ்சுப் பனி இல்லை. உப்பு, மணல், நசுங்கிய ஐஸ்கட்டி எல்லாம் கலந்த சேறு. ஓரிரண்டு மணி நேரம் விட்டால் இறுகிவிடும், ஷவல் முனை உள்ளே இறங்காது.

இதைத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். டிரைவ்வேயில் தெருவைப் பார்த்து நில்லுங்கள். கனடாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போவதால், உங்கள் ஓரத்துப் பிளவ் இடமிருந்து வலமாகத்தான் வரும். ஆகவே வாசலுக்கு இடது பக்கத்தில், தெருவை ஒட்டிய சாலையோரப் புல்தரையில், இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குப் பனியை எடுத்துக் காலி இடம் ஒன்று செய்துவையுங்கள். வண்டி தன் தகட்டில் சுமந்து வரும் பனியில் பெரும்பகுதியை அந்தக் காலி இடத்தில் இறக்கிவிட்டு, கொஞ்சம் காலியான தகட்டோடு உங்கள் வாசலைக் கடக்கும். அள்ளிய பனியை வலது பக்கம் குவியுங்கள். இடது பக்கம் குவித்தால் வண்டி அதையே இழுத்து வந்து வாசலில் போடும். இந்தியா, இலங்கை, பிரிட்டன் போல இடப்பக்கம் வண்டி ஓடும் ஊர் என்றால் இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

மேடு விழுந்துவிட்டதென்றால் சீக்கிரம் போய்விடுங்கள். அடியில் நுழைத்து நெம்பாமல், மேலிருந்து சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுங்கள். பனியைத் திரும்பத் தெருவில் தள்ளக் கூடாது. டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அது சட்ட விரோதம். சில நகராட்சிகள் சில பகுதிகளில் இந்த மேட்டைத் தாங்களே எடுத்துத் தருகின்றன. உங்கள் நகராட்சி இணையதளத்தில் பார்த்துவிட்டு முதுகை வளையுங்கள்.

படி 5: ஐஸும் உப்பும்

உப்பைப் போட்டு ஐஸ் முழுவதையும் உருக்க நினைப்பதால்தான் ஆளுக்கு நாலு மூட்டை தீர்கிறது. உப்பின் வேலை அது இல்லை. உப்பு நீரோடு சேர்ந்து கரைசலாகி உறைநிலையைக் கீழே இறக்குகிறது; அந்தக் கரைசல் ஐஸைத் துளைத்துக்கொண்டு இறங்கி, ஐஸுக்கும் தரைக்கும் உள்ள பிடியை விடுவிக்கும். இருபது நிமிஷம் பொறுத்துவிட்டுச் சுரண்டியை அடியில் விட்டால் தகடு தகடாகக் கிளம்பும். ஒரு பெரிய காப்பிக் கோப்பை அளவு உப்பு, சுமார் 6 மீட்டர் டிரைவ்வேக்குப் போதும். கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுத் தூவுங்கள்.

சாதாரண கல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே மந்தமாகிவிடும். அதற்குக் கீழே கால்சியம் குளோரைடு வேண்டும். அது கரையும்போதே வெப்பத்தை வெளிவிடும், மைனஸ் 25 வரைகூட வேலை செய்யும். விலை அதிகம், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும் என்பதால் மூடி இறுக்கமான வாளியில் வையுங்கள். "எல்லாக் குளிருக்கும் ஏற்றது" என்று அட்டையில் எழுதியிருப்பதை நம்பாமல், பின்பக்கம் திருப்பி என்ன உப்பு என்று படியுங்கள். பல பாக்கெட்டில் பெரும்பங்கு அதே கல் உப்புதான், நிறம் மட்டும் நீலமோ பச்சையோ.

சமையல் உப்பு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், அதுவும் சோடியம் குளோரைடுதான். ஆனால் பொடி மேலேயே கரைந்து போய்விடும், கல் உப்பு மாதிரி துளைத்து இறங்காது, காசும் தண்டம். ஐஸ் மேல் வெந்நீர் ஊற்றுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சிறிது நேரத்தில் அதுவே புது ஐஸ்.

புதிதாகப் போட்ட கான்கிரீட் படிகளில் முதல் குளிர்காலத்தில் உப்பே வேண்டாம், மேல்பரப்பு உதிரும். அங்கே மணல் போடுங்கள். மணல் உருக்காது, பிடிமானம் தரும், எந்தக் குளிரிலும் வேலை செய்யும். நாய் வளர்ப்பவர்கள் உப்பில் நடந்து வந்த பாதங்களைக் கழுவிவிடுங்கள். ஐஸ் போனதும் மீதிக் கல் உப்பைக் கூட்டி எடுத்து வாளியிலேயே போட்டுக்கொள்ளலாம். சாலை உப்பு ஏரிக்கும் ஓடைக்கும் தீங்கு என்று கனடா அரசின் ஆய்வே 2001-ல் முடிவு சொல்லிவிட்டது. ஒரு தடவை நீரில் போனால் அந்தக் குளோரைடைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஒரே இடத்தில் தினமும் காலையில் ஐஸ் கட்டுகிறதா? உப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். பெரும்பாலும் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் நடைபாதையைப் பார்த்துத் திறந்திருக்கும். பகல் வெயிலில் கூரைப் பனி உருகி, அந்த வழியே வந்து, ராத்திரி உறைகிறது. நீட்டிப்புக் குழாய் ஒன்றை மாட்டிப் புல்தரைப் பக்கம் திருப்பிவிட்டால் அந்த மூலைக்கு உப்பே தேவைப்படாது.

உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் மழை, வரும் என்று எச்சரிக்கை வந்தால் மட்டும் வரிசை மாறும்: மழைக்கு முன்பே உப்பைத் தூவிவிடுங்கள், பிறகு வெளியே போகாதீர்கள். ஜனவரி 1998-ல் மாண்ட்ரியல், ஒட்டாவா பக்கம் நாட்கணக்கில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன. டொரன்டோவிலும் 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸை ஒட்டி மின்சாரமில்லாமல் பல லட்சம் பேர் தவித்தார்கள். மெழுகுவர்த்தி, பேட்டரி, போர்வை இருக்கட்டும்.

படி 6: வீட்டைச் சுற்றி ஒரு நடை

பக்கவாட்டுச் சுவரில் தரைக்குக் கொஞ்சம் மேலே இரண்டு வெள்ளை பிவிசி குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மூச்சு விடும் வழி. பனி மூடினால் ஹீட்டர் நின்றுவிடும், இல்லையென்றால் புகை வீட்டுக்குள் திரும்பலாம். அதைச் சுற்றியும் கேஸ் மீட்டரைச் சுற்றியும் கையால் மெதுவாக விலக்குங்கள், ஷவலால் இடிக்காதீர்கள்.

நடக்கும்போது பென்குயின் மாதிரி நடங்கள்: சின்ன அடி, பாதம் லேசாக வெளியே திரும்பி, உடல் எடை முன்காலில். கை பாக்கெட்டில் வேண்டாம். பூட்ஸில் மாட்டும் முள் பட்டை அருமையான பொருள், ஆனால் கடைக்குள் டைல்ஸில் அதுவே சறுக்கும், வாசலில் கழற்றுங்கள்.

பின்சேர்க்கை: மற்ற ஊர்க்காரர்கள் சொன்னது

வின்னிபெக்கில் இருப்பவர், "உப்பு பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், இங்கே ஜனவரியில் அதற்கு வேலையே இல்லை" என்று எழுதினார். உண்மைதான், அங்கே மணல்தான் ராஜா. காரின் முன்னால் தொங்கும் பிளக்கை, அதாவது எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரின் பிளக்கை, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்னால் டைமர் வைத்து மின்சாரத்தில் செருக வேண்டும். கடுங்குளிரில் எஞ்சின் சூடாகாமல் ஸ்டார்ட் ஆவது கஷ்டம்.

கால்கரியில் சினூக் என்ற வெதுவெதுப்பான மலைக்காற்று வந்தால் சில மணி நேரத்தில் பனி உருகி, இரவில் டிரைவ்வே முழுக்கக் கண்ணாடியாகும். அங்கே குவியலை எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கம் வைக்க வேண்டும், உருகும் நீர் டிரைவ்வேயைக் கடக்காது. படி 4-ல் சொன்ன வலது பக்கம் மேட்டுப்பக்கமாக இருந்தால், சரிவுக்கே முதலிடம் கொடுங்கள்.

வான்கூவர்க்காரர்களுக்கு: ஈரப்பனி, அதன் பின்னாலேயே மழை. வீட்டெதிரே தெருவோர வடிகால் சல்லடையை முதலில் திறந்துவிடுங்கள்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும், போட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் தள்ளுபடியும் உண்டு, கேளுங்கள்.

ஆஸ்லோ வாசகி ஒருவர், அங்கே நடைபாதையில் பொடிக்கல் தூவுவார்கள், அது செருப்பில் ஒட்டி மரத்தரையைக் கீறிவிடும், வாசலில் முரட்டு மிதியடி அவசியம் என்கிறார்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பலர் கேட்டது: அள்ளுவது யார் வேலை? ஒன்டாரியோவில் பொதுவழிகளில் பனியும் ஐஸும் இல்லாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. தனி ஒப்பந்தம் போட்டு அதற்கு ஊதியமோ வாடகைக் குறைப்போ தந்தால் அது வேறு கதை. தனியார் இடத்தில் பனியில் விழுந்து அடிபட்டு வழக்குப் போடுவதாக இருந்தால் 60 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகராட்சி நடைபாதை என்றால் அவகாசம் 10 நாள்தான். விழுந்த இடத்தை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், மறுநாள் அந்த ஐஸ் அங்கே இருக்காது.