மழைமாதத்தில் ஆடாதோடை இலையைக் காயவைத்தது எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை செப்டம்பர் வரை விடாது. மூலிகைகள் தளதளவென்று வளர்வதும் அந்த ஈரத்தில்தான். அம்மாயியிடம் வைத்தியம் பழகத் தொடங்கிய வருஷம், இலை பறிப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரும்பாடு. பாயில் பரப்பிய ஆடாதோடை இலையின் அடிப்பக்கம் கறுத்து, வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

வழி கிடைத்தது தேயிலைத் தொழிற்சாலையில். அங்கே கொழுந்தை வாட்டும்போது வலைக்கு அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். சரி, நமக்கும் வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம் என்று பட்டது. பழைய ஜன்னல் சட்டத்தில் வலை அடித்து, அடுப்பங்கரையில் தொங்கவிட்டேன். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், இலையில் புகைவாடை ஏறிவிடும். கழுவிய இலையைத் துணியால் ஒற்றி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும்.

பதம் பார்ப்பது நடுநரம்பில். இலை நொறுங்கினாலும் நரம்பு வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது; படக்கென்று ஒடிய வேண்டும். அப்புறம் கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஒரு நாள் வைப்பேன். உள்பக்கம் நீர் பூத்தால் மறுபடி வலைக்குத்தான்.

கற்பூரவல்லிக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். சதைப்பற்றான இலை, பச்சையாகப் பறித்துப் பயன்படுத்துவதே நல்லது. வல்லாரையும் அப்படித்தான், அன்றன்றைக்குச் சம்பல் போட்டுவிடுவோம்.

ஆடாதோடையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது. அம்மாயி முதலில் சொல்லித்தந்தது அதுதான். ஒவ்வொரு போத்தலிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.